நம்ம குடும்பம் குரூப்: கேலியம் மட்டும் ஏன் ஏறுது?

யாழினி: அத்த இருக்கீங்களா, நாளைக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட்டு, ஒரு டவுட்டு. எலக்ட்ரான் கவர்தன்மை, அதான் பாண்டுல (பிணைப்புல) இருக்குற எலக்ட்ரான ஒரு அணு தன் பக்கம் இழுக்குற பலம், தனிம அட்டவணைல ஒரே குரூப்ல கீழ போகப்போக குறையும்னுதானே படிச்சோம், ஆனா டேபிள்ல அலுமினியம் 1.61, அதுக்கு கீழ கேலியம் 1.81னு இருக்கு, பிரிண்டிங் மிஸ்டேக்கா

அத்தை: மிஸ்டேக் இல்லடா கண்ணு. நீயா இத கவனிச்சதே எனக்கு அவ்ளோ சந்தோசம். மொதல்ல ஏன் குறையுதுன்னு சொல்லு பாப்போம்

யாழினி: எலக்ட்ரான் இருக்குற அடுக்கு, அதான் ஷெல், கூடிக்கிட்டே போகுது, அணுக்கரு தூரமாயிடுது, உள்ள இருக்குற எலக்ட்ரானுங்க வேற மறைக்குது, அதனால பாண்டுல இருக்குற எலக்ட்ரான இழுக்க முடியல

அத்தை: அதேதான். ஃப்ளூரின் 3.98, குளோரின் 3.16, புரோமின் 2.96, அயோடின் 2.66, எப்டி எறங்குது பாரு. இப்ப அணு எண் பாரு, அலுமினியம் 13, கேலியம் 31. நடுவுல ஸ்கேண்டியத்துலருந்து ஜிங்க் வரைக்கும் 10 தனிமம் பூந்துருது, அந்த எலக்ட்ரான் பத்தும் உள்ள 3டி-ங்குற துணைக்கூட்டுல போய் உக்காருது, ஆனா டி எலக்ட்ரானுக்கு சரியா மறைக்க வராது, கொசுவலை அடிச்ச ஜன்னல் மாதிரி வெயில் உள்ள வந்துரும். அதனால கேலியத்தோட வெளி எலக்ட்ரான அணுக்கரு நல்லா இழுக்குது, ஷெல் ஒண்ணு கூடியும் அணு சைஸ் பெருசா மாறல

யாழினி: அப்ப பக்கத்துல சிலிக்கான் 1.90 ஜெர்மானியம் 2.01 இருக்கே, அதுவும் இதேதானா

அத்தை: ஆமாண்டா தங்கம்!! அத நான் சொல்லாமயே புடிச்சிட்ட

சித்தப்பா: அக்கா நாங்க படிக்கறப்ப ஃப்ளூரின் 4.0 தானே

அத்தை: ஆமாடா, பாண்டு எனர்ஜிய வச்சு 1932ல இந்த ஸ்கேல கொண்டாந்தவர் லைனஸ் பாலிங், அவர் பட்டியல்ல 4.0, பின்னாடி திருத்தினப்ப 3.98 ஆச்சு

பெரியம்மா: இதெல்லாம் நமக்கு எங்க கண்ணுல படும் சொல்லு, தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கு

அத்தை: அண்ணி அடுப்புல ரசம்தானே, எட்டிப் பாருங்க. உப்பு போட்ட தடமே இருக்காது, தாளிச்ச நெய் மட்டும் பொட்டுப் பொட்டா மிதக்கும். தண்ணில ஆக்சிஜன் 3.44 ஹைட்ரஜன் 2.20, எலக்ட்ரான் ஆக்சிஜன் பக்கம் சாஞ்சு அங்க மைனஸ், ஹைட்ரஜன் பக்கம் பிளஸ். உப்புல சோடியம் 0.93தான், குளோரின் அதோட எலக்ட்ரானையே பறிச்சுக்கும், அதனால பிளஸ்ஸு மைனஸ்ஸா நிக்குற ரெண்டையும் தண்ணி சூழ்ந்து பிரிச்சு இழுத்துட்டு போயிரும். நெய்ல நீள நீளமா கார்பன் ஹைட்ரஜன் சங்கிலி, 2.55க்கும் 2.20க்கும் வித்தியாசம் கொஞ்சூண்டு, தண்ணிக்கு புடிச்சுக்க எதுவும் கெடைக்கல

பெரியம்மா: நெஜமாதான்டி, கரண்டியால நல்லா கலக்கி விட்டேன், செத்த நேரத்துல திரும்ப மேல வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு

யாழினி: பெரியம்மா அப்டியே ஒரு போட்டோ எடுத்து போடுங்க ப்ளீஸ்