மறுமொழி: ஆங்கிலப் பட்டியலை முடிக்கும் 'அண்ட்'டுக்கு முன்னால் வரும் கமாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

> 'இறுதிக் காற்புள்ளி' என்றே வைத்துவிடலாம். எளிமையாக இருக்கிறது.

ஐயா, எளிமைதான். ஆனால் அந்தப் பெயருக்கு வேறொரு சொந்தக்காரர் இருக்கிறார். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழிகளில் கடைசி உருப்படிக்கும் பின்னால், அடைப்பை மூடுமுன் ஒரு கமா போடுகிறார்களே, அதற்குத்தான் இது பொருந்தும். நாம் தேடுவது கடைசி உருப்படிக்கு முன்னால் நிற்பதை. ஆங்கிலப் பெயரைப் பின்பற்றி 'ஆக்ஸ்ஃபோர்டு காற்புள்ளி' என்றால் அச்சகத்தின் ஊர்தான் தெரியும், வேலை தெரியாது.

என் பரிந்துரை: ஈற்றயல் காற்புள்ளி. நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயலடி முச்சீராக வரும் என்று பள்ளியிலேயே படித்த சொல்தான்.

உருப்படிக்குள்ளேயே ஒரு 'அண்ட்' இருக்கும்போதுதான் இந்தக் கமாவின் அருமை புரியும். 'டீ, டோஸ்ட், அண்ட் ஹேம் அண்ட் எக்ஸ்' என்பதில் முதல் அண்ட் பட்டியலை முடிக்கிறது. இரண்டாவது, ஒரே தட்டில் வரும் பன்றியிறைச்சியையும் முட்டையையும் சேர்க்கிறது. கமா இல்லையென்றால் வாசிப்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டம், மிகைநேர ஊதியம் தரத் தேவையில்லாத வேலைகளை அடுக்கி, 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று முடித்தது. ஷிப்மென்டுக்குப் பின் கமா இல்லை. விநியோகம் தனி வேலையா, அல்லது விநியோகத்துக்காகப் பொதிகட்டுவது மட்டுமா? மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குப் போட்ட பால் வண்டி ஓட்டுநர்கள் பொதி கட்டுவதில்லை, விநியோகிக்கத்தான் செய்கிறார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசமானது.

ஆகவே 'ஹேம் அண்ட் எக்ஸ்' வகைக்கும் ஒரு பெயர் வேண்டும். முதலில் 'தொகையுருப்படி' என்று நினைத்தேன். 'டீயும் டோஸ்ட்டும் இட்லி சாம்பாரும்' என்கிறோம். இட்லியோடு உம் ஒட்டுவதில்லை, அது உம்மைத்தொகை. ஆனால் ஆங்கிலத்தில் அண்ட் தொக்கி நிற்பதில்லையே. தவிர, கணக்கு மென்பொருளில் 'தொகை' என்றால் பணம். எனவே 'இணையுருப்படி'.

---

> ஈற்றயல் காற்புள்ளி

ஈற்றயல் என்றால் கடைசிக்கு முந்தையது. பட்டியலில் உள்ள கமாக்களில் இதுதானே கடைசி?

---

கமாக்களை எண்ணினால் நீங்கள் சொல்வது சரி, அம்மா. நான் எண்ணுவது உருப்படிகளை. ஈற்றயல் உருப்படியை ஒட்டி நிற்பதால் அந்தப் பெயர்.

---

அப்படியானால் ஏற்கிறேன். இணையுருப்படிக்கும் மறுப்பில்லை. 'ஈற்றயற்காற்புள்ளி' என்று புணர்த்திப் பதிவு செய்யவா?

---

வேண்டாம், பிரித்தே எழுதுங்கள். நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.