பவர் ஸ்வீப்பரை இயக்கும் முன் தரையைப் பாருங்கள்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பனி உருகி முடியும் ஏப்ரல் மாதத்தில் ஒன்ராறியோவில் கட்டடப் பராமரிப்பு வேலைக்குச் சேரும் நம்மவர்கள் பலருக்கு முதலில் கையில் கிடைப்பது, பின்னால் நடந்தபடி இயக்கும், எஞ்சின் பூட்டிய கூட்டும் இயந்திரமான பவர் ஸ்வீப்பர். குளிர்காலம் முழுவதும் கொட்டிய உப்பும் மணலும் பொடிக்கற்களும், பனி தள்ளும் வண்டிகளால் ஒதுக்கப்பட்டு ஓரத்துப் புல்லின் மேல் படிந்து கிடக்கும். அதைக் கூட்டி வெளியே கொண்டுவருவதே வேலை. சுழலும் பிரஷ் மண்ணோடு கற்களையும் வேகமாக முன்னே எறியும் என்பதால், பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பான், நீளக் காற்சட்டை, வழுக்காத சப்பாத்து ஆகியவை இல்லாமல் தொடங்க வேண்டாம்.

எந்தத் தரையானாலும் பிரஷின் உயரத்தைச் சரிசெய்வதே பாதி வேலை. தும்புகளின் நுனி மட்டுமே தரையைத் தொட வேண்டும். வீட்டில் தும்புத்தடியை அழுத்திக் கூட்டிப் பழகிய கை இங்கும் அழுத்தத்தான் பார்க்கும். ஆனால் அழுத்தினால் தும்புகள் மடங்கிப் பக்கவாட்டில் தேயுமே தவிர, குப்பை நகராது, பிரஷும் விரைவில் பழுதாகிவிடும். சரிபார்ப்பது எளிது. தூசி படிந்த சமதரையில் இயந்திரத்தை நகர்த்தாமல் பிரஷைச் சில நொடிகள் சுழலவிட்டு, நிறுத்தி, பின்னுக்கு எடுத்துப் பாருங்கள். பிரஷின் முழு நீளத்துக்கும் ஏறத்தாழ 5 முதல் 10 சென்ரிமீற்றர் அகலமான ஒரு பட்டை தெரிய வேண்டும். பட்டை ஒரு முனையில் அகன்று மறுமுனையில் ஒடுங்கியிருந்தால் பிரஷ் சரிந்திருக்கிறது என்று பொருள். அதை நேராக்காமல் வேலையைத் தொடர்வதில் பயனில்லை.

தாரிலும் கொங்கிறீற்றிலும் இயந்திரம் இலகுவாக ஓடும், ஆனால் தூசிதான் தொல்லை. காய்ந்த மணலிலும் கொங்கிறீற்றுப் பொடியிலும் இருக்கும் சிலிக்காத் துகள்கள் ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் சேர்ந்தால் குணப்படுத்த முடியாத நோய் வரும். எனவே முதலில் தரையில் இலேசாகத் தண்ணீர் தெளித்து, பிரஷின் வேகத்தைக் குறைத்து, என்95 முகக்கவசம் அணிந்து கூட்டுங்கள். புதிதாக சீலர் என்ற பாதுகாப்புப் பூச்சு பூசிய டிரைவ்வேயை (வீட்டுக்கு முன் கார் செல்லும் பாதையை) அது நன்றாகக் காயும்வரை தொடாதீர்கள். ஒன்றோடொன்று பொருத்திப் பதிக்கும் இன்டர்லாக் கல் உள்ள இடத்தில் பிரஷைச் சற்று உயர்த்துங்கள். இடுக்குகளில் நிரப்பிய மணல் கிளம்பினால் கற்கள் ஆடத் தொடங்கும், அதன் செலவு உங்கள் முதலாளியின் தலையில் விழும்.

கவனம் மிகுதியாக வேண்டியவை சரளைத் தரையும் புல்தரையும். சரளையில் பிரஷை உயர்த்தி, கற்கள் உருண்டு நகரும் அளவுக்கு மட்டும் வேகம் கொடுங்கள். அவை துள்ளத் தொடங்கினால் வேகம் கூடிவிட்டது. புல்லில் மண் காய்ந்து இறுகும்வரை பொறுத்திருந்து, புல்லின் நுனியைத் தடவும் உயரத்தில் வையுங்கள், இல்லையேல் வேரோடு பிடுங்கிவிடும். தொடங்குமுன் ஒருமுறை நடந்து பார்த்தே ஆக வேண்டும், ஏனெனில் பனிக்குள் புதைந்திருந்த நத்தார் விளக்கு வயர், நாய்ச் சங்கிலி, உடைந்த போத்தல் எல்லாம் அப்போதுதான் வெளியே தெரியும். வயர் பிரஷில் சுற்றிக்கொண்டால், எஞ்சினை நிறுத்தி, பிரஷ் முற்றாக நின்றபின் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கையுறையுடன் எடுங்கள். ஒரு நொடி வேலைதானே என்று ஓடும் எஞ்சினுடன் கையை நுழைப்பவர்கள் இருக்கிறார்கள். அனுபவசாலிகளே அப்படிச் செய்தாலும் நீங்கள் பின்பற்ற வேண்டாம்.

பிரஷை இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்க்க முடியும். காற்று வீசும் திசைக்கே குப்பை போகுமாறும், கார்களும் யன்னல்களும் எதிரே வராதவாறும் சாய்த்துக்கொள்ளுங்கள். யாராவது நடந்து வந்தால், அவர் கடந்து போகும்வரை பிரஷை நிறுத்துவதே மரியாதை, பாதுகாப்பும்கூட. சரிவில் மெதுவாகச் செல்லுங்கள், சட்டென்று திரும்பாதீர்கள். ஈர இலையிலும் உறைபனியிலும் இயந்திரத்துக்கு முன் உங்கள் கால்தான் வழுக்கும். புதிதாக விழுந்த மெல்லிய பனியை இது நன்றாகவே தள்ளும். இறுகிய பனிக்கட்டியை அகற்றாது.

கதவு திறந்துதானே இருக்கிறது என்று கராஜுக்குள் எஞ்சினை இயக்காதீர்கள். எஞ்சின் புகையில் உள்ள நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சூடாக இருக்கும் எஞ்சினில் பெற்றோல் ஊற்றவும் கூடாது. கூட்டிய மண்ணை வீதியோர வடிகாலுக்குள் தள்ளாமல் அள்ளி எடுத்துவிடுங்கள், பனியைக் கூட்டும்போது அதை வீதியில் தள்ளுவதும் இங்கே சட்டப்படி குற்றம்.

பயிற்சி தராமல் இயந்திரத்தைக் கொடுத்தால் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். வேலையிடப் பாதுகாப்பு குறித்த அடிப்படைப் பயிற்சியை ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் 2014 யூலை முதல் விதி. ஆபத்தானது என்று நம்பக் காரணமுள்ள வேலையை மறுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. நீங்கள் மாணவராயினும் அகதிக் கோரிக்கையாளராயினும் அது மாறாது.

நேரத்தையும் கவனியுங்கள். ரொறன்ரோவில் இத்தகைய இயந்திரங்களை இரவு 9 மணி முதல் காலை 7 மணிவரை இயக்கக் கூடாது. சனி, ஞாயிறு, அரச விடுமுறை நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகே தொடங்கலாம். பனி அகற்றுவதற்கு மட்டும் இக்கட்டுப்பாடு பொருந்தாது. மற்ற நகரங்களுக்கு வேறு நேரங்கள் இருக்கலாம் என்பதால், வேலை செய்யும் நகரத்தின் விதியை மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.