எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு என்ன ஆனது? விளையாட்டில் அடிபட்டவர்கள் எழுதுங்கள்

மேலூர் கபடி:
எங்கள் பக்கம் பொங்கல் முடிந்த கையோடு ராத்திரி கபடி ஆரம்பமாகிவிடும். போன சீசனில் எங்கள் அணியில் பாடப் போன பையன் போனஸ் எடுத்துத் திரும்புகிறான், கார்னரில் நின்றவன் கணுக்காலைப் பிடித்துவிட்டான், பாதம் மண்ணில் ஊன்றியபடி இருக்க உடம்பு மட்டும் திரும்பியது. 'மடக்'கென்று ஒரு சத்தம், கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. விடிவதற்குள் முட்டிச் சில்லு இருக்கும் இடமே தெரியாத வீக்கம். எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தம் என்றதும் அவன் வீட்டில் கிடா வெட்டாத குறைதான்.

ஆனால் எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாதே. சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், பெரும்பாலும் முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் ஏ.சி.எல். ஜவ்வுதான் போயிருக்கும். வலி குறைந்து நடக்க ஆரம்பித்த பிறகு, படி இறங்கினால் முட்டி நழுவுது என்று அவனே சொல்லவும்தான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஜவ்வு முழுசாகக் கிழிந்திருந்தது. தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்துப் புது ஜவ்வாகப் பொருத்தினார்கள். மறுபடி களத்தில் இறங்கக் குறைந்தது 9 மாதம் என்றார் டாக்டர். இவன் அதற்கு முன்னாலேயே இறங்குவேன் என்கிறான், தாய்மாமன் ஒருத்தர் வேறு ஏற்றிவிடுகிறார்.

ஒத்தக்கடை அம்மா:
தம்பி, என் மகனுக்கும் எக்ஸ்ரே சுத்தம்தான். ஃபுட்பாலில் எதிர்ப் பையனின் முட்டி இவன் தொடையில் இடித்துவிட்டது. மாமியார் வேப்பெண்ணெயைக் காய்ச்சித் தினமும் அழுத்தி நீவிவிட்டார், பாசம்தான், யார் தடுக்க முடியும்? வீக்கம் வடியவில்லை, தொடைக்குள் கல் மாதிரி ஒரு கட்டி, முட்டியை முழுசாக மடக்கவும் முடியவில்லை. சில வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் பார்த்தால் சதைக்குள் எலும்பு வளர்ந்திருக்கிறது! உள்ளே ரத்தம் கட்டிய இடத்தைப் போட்டு அமுக்கினால் இப்படி ஆகலாமாம். நீவுவதை நிறுத்தச் சொன்னார்கள், வலிக்காத அளவுக்குப் பயிற்சி, மற்றபடி காத்திருப்புதான். கட்டி மெல்லச் சுருங்கி வருகிறது. அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெயும் வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்து எடுத்தால் போதும். மாமியார் இன்னும் டாக்டரை நம்பவில்லை, அது வேறு கதை.

ரேஸ்கோர்ஸ் பையன்:
அக்கா சொன்னது புதுசாக இருக்கிறது, எங்கள் டீம் குரூப்பில் போட்டுவிட்டேன். என்னுடையது தோல் கேஸ். பிராக்டிஸில் ஒரே துண்டு, முட்டியில் மாட்டும் ஒரே உறையை (knee cap) ஆளுக்காள் மாற்றிப் போட்டு டீமுக்கே படர்தாமரை வந்தது. ஒருத்தன் மெடிக்கலில் கேட்டு வாங்கிய க்ரீமைத் தடவினான், அரிப்பு உடனே நின்றது, நிறுத்தியதும் முதுகு வரை பரவியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்று தோல் டாக்டர் சொல்லித்தான் தெரியும். அப்புறம், சிராய்ப்பில் காபித்தூள் அப்பும் நல்லவர்களே, முதலில் மண் போகச் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள்.

மேலூர் கபடி:
சிராய்ப்புக்கு டி.டி. ஊசியையும் சேர்த்துக்கொள் தம்பி, நம்ம களம் மாடு கட்டுற இடம்.

திருமங்கலம் கீப்பர்:
இன்னொன்று. கையை ஊன்றி விழுந்து, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டுப் பக்கம் இருக்கும் குழியை அமுக்கினால் வலிக்கிறதா? முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம். எனக்கு அப்படித்தான், 'சுளுக்குதான்' என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் குழிக்கு அடியில் இருக்கும் சின்ன எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, விட்டுவிட்டால் ஒட்டாமலே போகலாம். கட்டுப் போட்டுக்கொண்டு 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பெரியாஸ்பத்திரி என்றால் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுப் போட்டுவிடுங்கள், பழைய எக்ஸ்ரேயையும் மறக்காமல் கொண்டு போங்கள்.