1937 கிறிஸ்துமஸ், தெலுக் ஆன்சன் பக்கத்துத் தோட்டம்: காதல் கதைக்கு விவரம் சரிபார்த்துத் தாருங்கள்

கேட்டவர்: மல்லிகைப்பந்தல்

வணக்கம். தெலுக் ஆன்சன் (இன்றைய தெலுக் இந்தான்) பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நடக்கும் லேசான காதல் கதை எழுதுகிறேன். அவள் ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறாள். அவன் ஸ்டோரில் பால் நிறுக்கிறவன். இருவரும் கத்தோலிக்கர். இப்போதைக்கு வைத்திருக்கும் காட்சிகள்: இலையுதிர்ந்த கித்தாக்காட்டில் (ரப்பர்க் காட்டில்) முதல் பார்வை; முழு நிலவில் நள்ளிரவுத் திருப்பலிக்கு நடந்து போவது; அவன் கட்டித் தரும் நட்சத்திர விளக்கு; 24ஆம் தேதி மாலை கல்யாணம், இரவு கோழிக்கறி விருந்து. எது இடிக்கிறது?

பதில் 1: உபதேசியார் வீடு

கல்யாணத் தேதியும் விருந்தும் இடிக்கின்றன. அன்றைய திருச்சபைச் சட்டப்படி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்களான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு தொடங்கி கிறிஸ்துமஸ் நாள் முடியும் வரை மணமக்களுக்கான ஆடம்பர ஆசீர்வாதம் கிடையாது. கல்யாணமே கூடாது என்றில்லை. ஆனால் மேளமும் பூசையும் இல்லாமல் அவசரமாகத் தாலி கட்டினால் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வேறு மாதிரிப் பேச்சுக் கிளம்பும். 24ஆம் தேதி ஒருசந்தியும் (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) சுத்தபோசனமும் (இறைச்சி கூடாது) உள்ள நாள். கோழிக்கறியைப் பூசை முடிந்து வந்த பிறகு வையுங்கள். அந்தப் பசிக்கு அது இன்னும் ருசிக்கும்.

27ஆம் தேதி திங்கட்கிழமைக்குக் கல்யாணத்தை மாற்றுங்கள், எல்லாம் பொருந்திவிடும். அதற்கு முன் மூன்று ஓலை, அதாவது கோயிலில் கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். 1937இல் டிசம்பர் 5, 12, 19 ஞாயிற்றுக்கிழமைகள். உங்கள் கதைக்குக் கிடைத்த புதையலே இந்த ஓலைதான். கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் முக்காட்டோடு மறுபக்கம். சுவாமியார் அவள் பேரை எல்லார் காதிலும் விழ வாசிக்கிறார். திரும்பிப் பார்க்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. தடை ஏதும் தெரிந்தவர் சொல்லியாக வேண்டும் என்ற வரியும் அதில் உண்டு. அந்த நேரம் பார்த்து ஒரு பெரியம்மா இருமட்டும். வாசகர் சிரித்துவிடுவார்கள்.

மாமன் மகள் முறை என்றால் கவனம். அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை கட்டுவதற்குத் தனியாக விலக்கு வாங்க வேண்டும். விண்ணப்பம் ஆயருக்குப் போகும். தெலுக் ஆன்சன் அப்போது மலாக்கா மறைமாவட்டம். ஆயர் இருந்தது சிங்கப்பூரில். கடிதம் வருமா வராதா என்று ஒரு முழு அத்தியாயம் ஓட்டலாம்.

சொற்களையும் மாற்றுங்கள். ‘திருப்பலி’ பிற்காலச் சொல். அன்று பூசைதான், அதுவும் லத்தீனில். வானதூதர் அல்ல, சம்மனசு. கடவுளைச் சர்வேசுரன் என்பார்கள்.

பதில் 2: தீம்பார் 12

டிசம்பரில் மேற்குக் கரைக் கித்தா மரங்கள் தழைத்து நிற்கும். இலை உதிர்வது ஜனவரிக்குப் பிறகு, மார்ச் வரை. காடு இருட்டாகவும் ஈரமாகவும் இருக்கட்டும்.

மழைதான் உங்கள் கதையின் மூன்றாவது ஆள். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டுக்கோட்டில் ஓட வேண்டிய பால் ஈரப்பட்டையில் பரவி வீணாகும், மரத்தில் பால் பிடிக்கும் மங்குக்கு (கிண்ணத்துக்கு) வந்து சேராது. வெட்டிய பிறகு மழை பிடித்தால் மங்கில் தண்ணீர் கலந்துவிடும். ஸ்டோரில் பாலுக்குள் மெட்ரோலாக்கை (பாலில் ரப்பர் எவ்வளவு என்று அளக்கும் மிதவைக் கருவி) மிதக்கவிட்டதும் ரப்பர் குறைவு என்று காட்டிக் கொடுத்துவிடும். அவன் அந்தக் கருவியைக் கூர்ந்து பார்க்கிறான், அவள் அவன் முகத்தைப் பார்க்கிறாள். முதல் பார்வையை அங்கே வையுங்கள்.

அவள் கையையும் சரியாகக் காட்ட வேண்டும். முதலில் பழைய வெட்டின் மேல் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை ஒரு முனையில் கிள்ளி, நாடா மாதிரி ஒரே இழுப்பில் உரித்துக் கூடையில் போடுவாள். அப்புறம்தான் உளி. இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவு. மெல்லிய சீவல். ஆழமாகப் போனால் மரத்தில் காயம், கங்காணியிடம் ஏச்சு.

நேரம்: அன்றைய மலாயாக் கடிகாரம் இன்றையதைவிட 40 நிமிடம் பின்னால் ஓடியது. டிசம்பர் கடைசியில் ஏறக்குறைய 6.40க்குச் சூரியன் எழும். பெரட்டு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு, இருட்டில்தான்.

நிலா: 1937 டிசம்பரில் பௌர்ணமி 17ஆம் தேதி. 24 இரவு தேய்பிறைப் பாதி நிலா, நள்ளிரவு தாண்டித்தான் எழும். போகும்போது கும்மிருட்டு, அரிக்கேன் விளக்கு வேண்டும். திரும்பும்போது கிழக்கே தாழ்வாக நிலா. மரங்களுக்குள் வெளிச்சம் விழாது. திறந்த மண் சாலைக்கு வந்ததும் முகம் தெரியும். இருட்டில் பேசிக்கொண்டே வந்தவர்கள் வெளிச்சத்தில் வாயடைத்துப் போவதாக எழுதுங்கள்.

வருடத்தை மட்டும் மாற்றாதீர்கள். 1941 கிறிஸ்துமஸ் என்றால் ஜப்பான் படை டிசம்பர் 8இலேயே கோத்தா பாருவில் இறங்கிவிட்டது. 1948க்குப் பின் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் வந்த அவசரகாலம். லேசான கதை அங்கே நிற்காது.

பதில் 3: மூங்கில் பட்டை

நட்சத்திர விளக்குக்கு வருகிறேன். மூன்றடி நீள மூங்கில் பட்டை பத்து. ஐந்தைந்தாக இரண்டு நட்சத்திரம் கட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு உள்ளே பட்டைகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் அரைச்சாண் குச்சியை முட்டுக் கொடுத்தால் நடு உப்பி நிற்கும். முட்டுக் குச்சி ஒன்று பெரிதானால் முனை கோணும்.

பச்சை மூங்கிலில் கட்டக் கூடாது. காயக் காயச் சுருங்கி, நாலு நாளில் கட்டுத் தளர்ந்து நட்சத்திரம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். காதல் அவசரத்தில் உங்கள் பையன் இதைத்தான் செய்வான், செய்யட்டும். ஊரின் சாய்ந்த மணிக்கூண்டு 1885இல் கட்டியது, அன்றும் சாய்ந்துதான் நின்றது. அவள் சொல்ல வேண்டியதை அதுவே எடுத்துக் கொடுக்கும்.

ஒட்டுவதற்கு மரவள்ளி மாவுக் கஞ்சி போதும், ஆனால் சாரலில் ஊறிப் பிரியும். ஒட்டிய தாள் நன்றாகக் காய்ந்தபின் தேங்காய் எண்ணெயை லேசாகப் பூசினால் வெளிச்சம் ஊடுருவும், நீரும் சீக்கிரம் இறங்காது. மேல் முனைக்குக் கீழே புகை போக ஒரு பிளவு விடாவிட்டால் விளக்கு அணையும், இல்லை தாள் கருகும்.

மல்லிகைப்பந்தல்:

மிக்க நன்றி. கல்யாணம் 27க்கு. ஆனால் அது மார்கழி. அவளுடைய அம்மா வழி உறவு இந்துக்கள். மார்கழியில் தாலி கட்டுவதற்கு வருவார்களா?

உபதேசியார் வீடு:

கோயிலுக்குத் தடை இல்லை, தாய்மாமனுக்கு உண்டு. தை பிறக்கட்டும் என்பார். திருச்சபைக்காக 27 வரை காத்தவன், மாமனுக்காக இன்னும் இரண்டரை வாரம் காக்க வேண்டும். ஓலை முழுக்க வாசித்தாயிற்று, ஊரே மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறது, ஆனால் ஸ்டோரில் அவள் வாளியை வாங்கும்போது விரல் படக் கூடாது. அந்த இரண்டரை வாரத்தைத் தாராளமாக எழுதுங்கள்.