புதிதாகச் சேர்ந்த இருவர் மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை
என் டீமில் 9 பேர். 5 பேர் 50 வயதைத் தாண்டியவர்கள், இரண்டு பேருக்கு 23, சேர்ந்து 7 மாதம் ஆகிறது. ஆரம்பத்தில் நிறையக் கேள்வி கேட்டார்கள். அப்புறம் ஒருநாள் அந்த இருவரில் ஒருவரான பெண் "ஒரே ரிப்போர்ட்டை ஏன் இரண்டு தடவை டைப் செய்கிறோம்?" என்று கேட்டதும் சீனியர் ஒருவர் "20 வருஷமா இப்படித்தான்" என்று முடித்துவிட்டார், அந்தப் பெண் தன் நோட்டை மெதுவாக மூடி வைத்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது, நான் அப்போதே குறுக்கிட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து இருவருமே மௌனம். வேலையில் குறையில்லை. தனித்தனியாகப் பேசினேன், "ஒன்றுமில்லை சார்" என்கிறார்கள். சீனியரோடு ஜோடி சேர்த்தேன், இரண்டே வாரத்தில் நின்றுபோனது. கருத்தை எழுதித் தரச் சொன்னேன், வெற்றுத்தாள்தான் வந்தது. சீனியர்களின் மனம் நோகாமல் இவர்களை மறுபடி பேசவைக்க முதலில் என்ன செய்யலாம்?