பழைய ராலே மிதிவண்டியின் காட்டர் பின்னைக் கழற்ற உதவி வேண்டும்

அன்பு நண்பர்களே, வணக்கம். சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் பல ஆண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடந்த அப்பாவின் ராலே மிதிவண்டியை மீண்டும் ஓட வைக்க 3 வாரங்களாக முயன்று வருகிறேன்.

இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் கழலும் என்பது தெரிந்திருந்ததால் அதில் சிரமமில்லை. ஆனால், கிராங்கை (பெடல் பொருத்தப்பட்டுள்ள கையை) அச்சோடு பிணைக்கும் காட்டர் பின், இவ்வூரின் ஈரக்காற்றில் துருவேறி, கிராங்கோடு ஒரே இரும்பாக இறுகிவிட்டது. நான்கு இரவுகள் துரு நீக்கும் எண்ணெய் விட்டும் அது அசையவில்லை; நட்டைக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் தட்டியதில் மரையுள்ள முனை காளான்போல் விரிந்துவிட்டது. அதைப் பார்த்தபோது மனம் மிகவும் வலித்தது. மேலும் ஓங்கி அடித்தால் உள்ளே பால்ரஸ் குண்டுகள் உருளும் பாதையில் பள்ளம் விழுந்துவிடுமோ என அஞ்சுகிறேன்.

டயரிலும் ஏமாந்தேன். 26 அங்குலம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் இருப்பதை அறியாமல் கேட்டு வாங்கியது 559 மி.மீ. விட்டமுள்ள ரிம்முக்குரியது, இவ்வண்டிக்கு வேண்டியதோ 590 மி.மீ.

காட்டர் பின்னை அழுத்தி வெளியே தள்ளும் கருவி வைத்திருப்பவரோ, அதைத் துளையிட்டு எடுத்த அனுபவம் உள்ளவரோ இங்கு இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். வார இறுதியில் வண்டியை உங்கள் இடத்திற்கே கொண்டு வருகிறேன்.