மறுமொழி: பேனிங் – 'உடன்திருப்பு' சரிவருமா?

நண்பர்களே,

நகரும் பொருளோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே படமெடுக்கும் 'பேனிங்' (panning) உத்திக்கு நம் கட்டுரையில் எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். சொல்லுக்குப் போகும் முன் செயலை ஒருமுறை பார்த்துவிடலாம்.

மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் ஒருவர் சைக்கிளில் போகிறார் என்று வையுங்கள். நொடிக்கு 5 மீட்டர். போன் கேமராவைப் புரோ முறைக்கு (அமைப்புகளை நாமே மாற்றும் முறை) மாற்றி, ஷட்டர் 1/30 நொடி திறந்திருக்கும்படி வைத்தால், படம் பதிவதற்குள் அவர் ஏறக்குறைய 17 செ.மீ. நகர்ந்துவிடுவார். போனை அசைக்காமல் பிடித்தால் சாலை தெளிவாக விழும், ஆள் இழுபட்டுப் போவார். அவர் போகும் வேகத்துக்கே போனைத் திருப்பிக்கொண்டே எடுத்தால் எல்லாம் தலைகீழ். முகமும் சக்கரத்தின் நடு அச்சும் தெளிவாக நிற்கும். ஆரக்கம்பிகள் சுழல்வதால் கரைந்திருக்கும். பின்னாலுள்ள சுவரும் மரங்களும் கிடைக்கோடுகளாக நீளும். வேகம் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கோடுகளில்தான்.

ஆட்டோ முறையில் இது கிடைப்பது அரிது. வெளிச்சம் இருந்தால் போன் ஷட்டரை வேகமாக்கி அசைவை உறைய வைத்துவிடும்.

சரி, இப்போது சொற்கள்.

> 'சுழற்றுப்படம்' எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான். ஆனால் சுழற்று என்றதும் முழு வட்டம் நினைவுக்கு வருகிறது. 360 பாகைப் படங்களுக்கு அந்தச் சொல்லை விட்டுவைப்பது நல்லது.

> 'பின்தொடர் படம்' என்று சொல்லலாமே, ஆளைத் தொடர்ந்துதானே கேமரா போகிறது?

இங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை. பின்தொடர்ந்தால் படம் கெட்டுவிடும். கேமரா கொஞ்சம் பின்தங்கினாலும் ஆள் கலங்கிவிடுவார். கூடவே போக வேண்டும். நகரும் பொருளின் மேல் குவியத்தை (ஃபோகஸ்) விடாமல் வைத்திருக்கும் வசதி வேறு இருக்கிறது, பின்தொடர்தல் அதற்குத்தான் பொருந்தும்.

> 'உடனோட்டம்'?

மிக நெருங்கி வந்த சொல். ஆனால் கேமரா ஓடுவதில்லை, நின்ற இடத்தில் திரும்புகிறது. வண்டியில் உட்கார்ந்து, பக்கத்தில் போகும் இன்னொரு வண்டியைப் படமெடுப்பதற்கு 'உடனோட்டம்' அழகாகப் பொருந்தும். அதற்கே வைத்துக்கொள்வோம்.

ஆகவே என் பரிந்துரை 'உடன்திருப்பு'. 'உடன்' என்றால் உடனடி என்று படிக்க மாட்டார்களா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். உடன்பிறப்பு, உடன்பாடு என்றெல்லாம் தயங்காமல் படிக்கிறோமே. வினையாகவும் வளைகிறது: 'சைக்கிளோடு கேமராவை உடன்திருப்பி எடுத்தேன்'. 'பேனிங் பண்ணினேன்' என்பதைவிட இது என்ன நடந்தது என்பதையே சொல்லிவிடுகிறது. திரைப்படத்தில் நிலக்காட்சி மேல் கேமராவை மெல்லத் திருப்புவதையும் பேன் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே உடன்செல்ல யாரும் இல்லை, வெறும் 'திருப்பல்' போதும்.

கட்டுரையில் இந்தச் சொல்லுக்குக் கீழே செய்முறையும் வர வேண்டும் என்பது என் விருப்பம். ஷட்டரை அழுத்தப்போகும் இடத்தைப் பார்த்தபடி பாதங்களை ஊன்றுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடுப்பிலிருந்து திரும்புங்கள். மணிக்கட்டு மட்டும் திரும்பினால் போன் மேலும் கீழும் ஆடும். ஆள் தூரத்தில் வரும்போதே திருப்பத் தொடங்கி, படம் எடுத்த பிறகும் நிறுத்தாமல் தொடருங்கள். ஆள் கடக்கும் இடத்தில் முன்கூட்டியே குவியத்தைப் பூட்டிவிடுங்கள். ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், மிகக் குறைவாக இருக்கட்டும். பெரும்பாலான போன்களில் லென்ஸ் துவாரத்தின் அளவை மாற்ற முடியாது, அதனால் உச்சி வெயிலில் 1/30 நொடி வைத்தால் படம் வெளுத்துவிடும். நிழலிலோ அந்தியிலோ எடுங்கள், இல்லையென்றால் ஒளியைக் குறைக்கும் கறுப்பு வடிகட்டி வேண்டும். அப்புறம், சில போன்களின் சொந்தச் செயலியில் ஷட்டர் வேகத்தைத் தொட முடியாது. தனிச் செயலி போட வேண்டியிருக்கும்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. போனில் ஒளியைப் பதிவு செய்யும் உணரி (சென்சார்) படத்தை ஒரே கணத்தில் வாசிப்பதில்லை, வரி வரியாக வாசிக்கிறது. இதைத்தான் ரோலிங் ஷட்டர் என்கிறார்கள். வேகமாகத் திருப்பினால் பின்னணியில் நிற்கும் கம்பங்கள் படத்தில் சாய்ந்து தெரியும். முதல் உலகப்போருக்கு முன் பிரான்சில் ஒளிப்படக் கலைஞர் லார்டீக் எடுத்த பந்தயக் கார் படத்தில் சக்கரம் முன்பக்கம் சாய்ந்தும், வேடிக்கை பார்ப்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தும் இருப்பார்கள். அவருடைய கேமராவில் ஒரு பிளவு படத்தட்டின் குறுக்கே நகர்ந்து ஒளியை விட்டது. காரின் வேகத்துக்கு அவரால் முழுதாகத் திருப்பவும் முடியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் அந்தச் சாய்வு. ரோலிங் ஷட்டரால் வரும் இந்தக் கோணலுக்கு 'வரிச்சாய்வு' என்று எழுதி வைத்திருக்கிறேன். வரி என்றதும் வருமான வரி குறுக்கிடுமோ என்ற தயக்கம் இருக்கிறது. 'நிரைச்சாய்வு' மேலா? கருத்துச் சொல்லுங்கள்.